16.5 மில்லிமீற்றரில் ஒரு கிளைப்பாதை

எங்கள் வீட்டுக்கு வருபவர்கள் முதலில் கேட்பது, இந்தக் கோச்சி ஏன் சுற்றி ஓடாது என்பதைத்தான். மாங்குளத்தில் எங்கள் வீட்டு உள்ளறையில், சுவரோடு ஒட்டிய எட்டு அடி நீளமும் ஒன்றரை அடி அகலமுமான பலகையின் மேல், 1950களின் மேற்கு இங்கிலாந்தைச் சேர்ந்த ரயில் கிளைப்பாதையொன்றின் கடைசி ஸ்ரேசனைச் சிறு மாதிரியாகக் கட்டி வைத்திருக்கிறேன். அதன் பாதை இடப்பக்கத்தில் ஒரு தடுப்புக் கட்டையில் தொடங்கி, வலப்பக்கத்தில் அட்டையால் செய்த கல்வளைவுப் பாலம் ஒன்றின் கீழ் மறைந்துவிடுகிறது. வட்டமாக ஓடும் விளையாட்டு ரயில்களையே பார்த்துப் பழகியவர்களுக்கு இது பாதியில் விட்ட வேலையாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

அவர்களுக்கு நான் சொல்லும் விடை ஒரு கணித ஆசிரியனின் விடை. நான் பயன்படுத்தும் அளவில் உண்மையான ஓர் அடி 4 மில்லிமீற்றராகிறது. அதாவது எல்லாம் 76.2 மடங்கு சிறியவை. விளையாட்டு ரயில் தொகுதியோடு வரும் வளைவுத் துண்டுகளில் இரண்டாம் அளவின் ஆரை 438 மில்லிமீற்றர். அதை 76.2 ஆல் பெருக்கினால் 33 மீற்றர் வருகிறது. அவ்வளவு ஒடுங்கிய வளைவில் இங்கிலாந்தின் வழக்கமான பயணிகள் வண்டி திரும்பாது. பத்துச் சங்கிலி ஆரை, அதாவது 201 மீற்றர், ஒரு கிளைப்பாதைக்கே கடும் வளைவு; அதைக்கூட அளவுக்குக் கொண்டுவந்தால் 2.64 மீற்றர் ஆரை வேண்டும், முழு வட்டத்துக்கு ஐந்தேகால் மீற்றருக்கு மேல் அகலமுள்ள அறை வேண்டும். அப்படி ஓர் இடம் எங்கள் ஊரில் கோயில் மண்டபத்தில்தான் உண்டு. வட்டம் வேண்டாம் என்று நான் முடிவெடுத்ததற்கு இடமின்மை ஒரு காரணம் என்றாலும், பெரிய காரணம் என் ஐயா, அதாவது தகப்பனார். அதைப் பின்னால் சொல்கிறேன்.

இந்த வேலை 2016 இல் லண்டனிலிருந்து வந்த மாமாவின் பயணப்பெட்டியில் தொடங்கியது. அவர் தன்னுடைய பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால் வீட்டில் கிடந்த, ஹோர்ன்பி என்னும் பிரித்தானிய நிறுவனத்தின் மாதிரி ரயில் இயந்திரம் ஒன்றையும், எட்டுச் சரக்குப் பெட்டிகளையும், இரண்டு பயணிகள் பெட்டிகளையும், வேகக் கட்டுப்பாட்டுக் கருவியையும், டெவன் மாவட்டத்தில் பீர் என்னும் கடலோர ஊரில் செய்யப்படும் பீக்கோ தண்டவாளங்கள் சிலவற்றையும் கொண்டுவந்தார். வளையும் பீக்கோ தண்டவாளம் ஒரு யார் நீளத் துண்டுகளாக, அதாவது 914 மில்லிமீற்றரில் விற்கப்படுகிறது. அது பயணப்பெட்டிக்குள் அடங்காது என்று கண்ட மாமா, ஒவ்வொன்றையும் இரும்பு அறுக்கும் வாளால் நடுவில் இரண்டாக அறுத்துக்கொண்டு வந்திருந்தார். அன்பினால் செய்த அந்த வெட்டினால் என் பாதையில் மூட்டுகள் இருமடங்காகிவிட்டன. ஒவ்வொரு மூட்டும் பின்னாளில் எனக்கு ஒவ்வொரு தலையிடி.

இயந்திரம், கிரேட் வெஸ்டர்ன் ரயில் கம்பனியின் 5700 வகையைச் சேர்ந்தது. ஆறு சில்லுகளும், கொதிகலனின் இரு பக்கத்திலும் மேலே தூக்கி வைத்த பெட்டி போன்ற தண்ணீர்த் தொட்டிகளும் கொண்டது. ஆங்கிலேயர் அந்தத் தொட்டிகளுக்கு வைத்த பெயர் பொதிகழுதையின் முதுகில் இருபுறமும் தொங்கும் கூடையைக் குறிப்பது என்பதை அறிந்தபோது, மன்னார்த் தெருக்களில் திரியும் கழுதைகளை நினைத்துக்கொண்டேன். 1929 இலிருந்து 1950 வரை அந்த வகையில் 863 இயந்திரங்கள் கட்டப்பட்டன. கிளைப்பாதையில் இரண்டு பெட்டிகளை இழுப்பதும், இடையில் சரக்குப் பெட்டிகளைத் தள்ளி ஒழுங்குபடுத்துவதுமே அவற்றின் அன்றாடம். இந்த இயந்திரம் கையில் இருந்ததால்தான் என் பலகை இங்கிலாந்தாயிற்று. வன்னியின் பாதையைக் கட்டவே எனக்கு விருப்பம் இருந்தது; ஆனால் எங்கள் இயந்திரங்களையும் பெட்டிகளையும் எனக்குத் தெரிந்து யாரும் சிறிய அளவில் செய்து விற்பதில்லை.

பிரித்தானிய மாதிரிப் பாதைகளில் ஒரு பழைய பிசகு உண்டு. அதைச் சொல்லாமல் மேலே செல்ல முடியாது. ஐரோப்பாவில் ஓர் அடிக்கு 3.5 மில்லிமீற்றர் என்ற எச் ஓ அளவும் 16.5 மில்லிமீற்றர் தண்டவாள இடைவெளியும் நன்றாகப் பொருந்தின. பிரித்தானிய இயந்திரங்களோ உருவத்தில் சிறியவை. அக்காலத்து மோட்டார் அந்த உடலுக்குள் அடங்கவில்லை. ஆகவே உடலை மட்டும் 4 மில்லிமீற்றர் அளவுக்குப் பெருப்பித்து, தண்டவாளத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். இதுவே டபிள் ஓ. இதன்படி என் பாதையின் அகலம் 4 அடி 8.5 அங்குலமாக இருக்க வேண்டியதற்குப் பதிலாக 4 அடி 1.5 அங்குலமாகவே இருக்கிறது. இதைப் பொறுக்காதவர்கள் 18.2 மில்லிமீற்றரிலும் 18.83 மில்லிமீற்றரிலும் தாங்களே தண்டவாளம் கட்டுகிறார்கள். நான் பொறுத்துக்கொண்டேன். முன்னாலிருந்து பார்த்தால் ஒடுங்கிய தண்டவாளத்தின் மேல் அகன்ற உடல் நிற்பது தெரியும். பக்கவாட்டில் பார்த்தால் தெரியாது. என் பலகை சுவரோரம் இருப்பதால் எல்லோரும் பக்கவாட்டிலேயே பார்க்கிறார்கள்.

பலகை கட்டியது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை: 9 மில்லிமீற்றர் பிளைவுட், கீழே முதிரைச் சட்டம், நான்கு கால்கள். முதல் மாரி முடிவதற்குள் ஒரு காலில் கறையான் ஏறிவிட்டது. இப்போது நான்கு கால்களும் பழைய என்ஜின் ஒயில் ஊற்றிய மீன் ரின்களுக்குள் நிற்கின்றன. பார்க்க அழகில்லை, ஆனால் எட்டு ஆண்டுகளாகப் பிழைத்து நிற்கின்றன.

தண்டவாளம் போட்டதில்தான் பாடம் படித்தேன். மார்கழி விடுமுறையில், மழையும் குளிருமான நாளில், மூட்டுகளை ஒன்றோடொன்று இறுக அணைத்து, இடைவெளியே இல்லாமல் அழகாகப் பூட்டினேன். ஐயா கதவடியில் நின்று பார்த்துவிட்டு, "சித்திரையில தெரியும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். சித்திரையில் தெரிந்தது. சீற்றுக் கூரையின் கீழ் அறை கொதிக்க, மாரியில் ஈரம் குடித்துப் பருத்திருந்த பலகை காய்ந்து சுருங்க, தண்டவாளமோ வெப்பத்தில் நீள, ஸ்ரேசனுக்கு முன்னால் பாதை பாம்புபோல் நெளிந்து நின்றது. இரண்டரை மீற்றர் உலோகம் பதினைந்து பாகை வெப்பத்தில் நீள்வது ஒரு மில்லிமீற்றரிலும் குறைவுதான். எனினும் போக இடமில்லாத அரை மில்லிமீற்றர் பக்கவாட்டில் பல மில்லிமீற்றராக வெளிப்படும் என்பதை எந்த மாணவனுக்கும் முக்கோணம் வரைந்து காட்டலாம். நான் அதை வகுப்பில் காட்டியவன்; வீட்டில் மறந்தவன். இப்போது மூட்டுக்கு மூட்டு ஒரு தடித்த அட்டையை நுழைத்து இடைவெளி விட்டிருக்கிறேன். உண்மைப் பாதையிலும் மூட்டுகளில் இடைவெளி விட்டே பூட்டுவார்கள் என்று ஐயா பிறகு விளக்கினார். முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, நான் கேட்கவில்லை என்றார்.

அடுத்த பிழை முழுக்க என்னுடையது. சிலிப்பர் கட்டைகளுக்கு இடையில் கல் பரப்ப வேண்டும். கொக்கிளாய்ப் பக்கம் ஒரு செத்தவீட்டுக்குப் போனபோது, கடற்கரையில் சீரான சிறு மணலைக் கண்டு ஒரு போத்தல் நிறைய அள்ளி வந்தேன். நீர் கலந்த வெள்ளைப் பசையில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி விட்டு, ஊசிமருந்துக் குழாயால் சொட்டுச் சொட்டாக விட்டால் பசை மணலுக்குள் இறங்கி இறுகிவிடும். அந்தத் துளி இல்லாவிட்டால் பசை மணலின் மேல் முத்துப்போல் உருண்டு நிற்கும். எல்லாம் நன்றாகவே முடிந்தது. இரண்டு கிழமைக்குப் பிறகு இயந்திரம் கரகரக்கத் தொடங்கியது. கழற்றிப் பார்த்தால், மோட்டாரின் காந்தத்தைச் சுற்றிக் கறுப்பு மணிகள் மயிர்போல் நின்றன. கொக்கிளாய் தொட்டுப் புல்மோட்டை வரையான கரையின் மணலில் இல்மனைற்று முதலான கனிமங்கள் நிறைந்திருப்பதும், அதற்காகவே புல்மோட்டையில் கனிய மணல் தொழிற்சாலை இருப்பதும் சமூகக்கல்விப் புத்தகத்தில் எல்லோரும் படித்ததுதான். முழுப் பாதையையும் ஈரமாக்கிச் சுரண்டி எடுத்துவிட்டு, கல்லுடைக்கும் இடத்திலிருந்து கருங்கல் தூள் வாங்கி, தேநீர் வடியில் அரித்து, பழைய ஒலிபெருக்கியின் காந்தத்தை அதன் மேல் பலமுறை ஓட்டிய பிறகே மறுபடி பரப்பினேன்.

மின்சாரத்தைப் பொறுத்தவரை ஓர் ஆறுதல் இருந்தது. இங்கிலாந்திலும் இங்கும் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். ஆகவே மாமாவின் கருவியை மாற்றமின்றிச் செருகலாம். தண்டவாளத்துக்கு வருவது அதிகபட்சம் 12 வோல்ட் நேரோட்டம் என்பதால் பிள்ளைகள் தொட்டாலும் பயமில்லை. 2022 இல் நாள்தோறும் பல மணி நேரம் மின்சாரம் நின்ற காலத்தில், மோட்டார்சைக்கிள் பற்றரி ஒன்றையும், பாடசாலை ஆய்வுகூடத்தில் கழித்துவிட்ட, மின்தடையைக் கூட்டிக் குறைக்கும் இறையோதற்று ஒன்றையும், திசை மாற்ற ஓர் இருமுனை இருவழி ஆளியையும் இணைத்து ஓட்டினேன். அந்த மாதங்களில் ஊரில் ஒழுங்காக ஓடிய வண்டி எங்கள் வீட்டில்தான் இருந்தது என்று அயலவர் பகிடி பண்ணுவார்கள். இதைச் செய்துபார்க்க விரும்புவோர் பற்றரிக்கு அடுத்ததாகவே 1 அம்பியர் உருகியைப் போடுங்கள். தடம் புரண்ட ஒரு பெட்டியின் சில்லு இரண்டு தண்டவாளத்தையும் தொட்டுவிட்டால், ஈய பற்றரி வயரைச் சிவக்கச் சூடாக்கிவிடும்.

உண்மையான தொல்லை அழுக்கு. சக்தி தண்டவாளத்திலிருந்து சில்லு வழியாக ஏறுவதால், இடையில் ஒரு மெல்லிய படலம் இருந்தாலும் இயந்திரம் நின்றுவிடும். சோளகம் தொடங்கினால் ஏ9 வீதிப் புழுதியும் வயல் புழுதியும் எந்தச் சன்னலையும் பொருட்படுத்தாமல் உள்ளே வந்து படியும். 2020 இல், கைகழுவப் பாவித்த திரவத்தில் அற்ககோல்தானே இருக்கிறது என்று அதனால் தண்டவாளத்தைத் துடைத்தேன். கை வரண்டுவிடாமல் இருக்க அதில் கிளிசரின் சேர்ப்பார்கள் என்பது, இயந்திரத்தின் ஆறு சில்லுகளும் ஐஸ் மேல் நிற்பதுபோல் வழுக்கியபோதுதான் நினைவுக்கு வந்தது. இப்போது வெறும் ஐசோபுரோப்பைல் அற்ககோல், பழைய பருத்தி வேட்டித் துண்டு, ஓட்டத்துக்கு முன் இரண்டு நிமிடம்.

ஒரு பாதை இரண்டாகப் பிரியும் இடத்திலுள்ள பொயின்ற் பற்றியும் ஒரு சொல். இரண்டு பாதைகளின் தண்டவாளங்கள் ஒன்றையொன்று கடக்கும் மூக்குப் பகுதி மலிவான வகைகளில் பிளாஸ்ரிக்கால் ஆனது. அங்கே மின்சாரம் இல்லை. நீண்ட இயந்திரம் அதைத் தாண்டிவிடும். ஆறு சில்லு இயந்திரம் மெதுவாகப் போனால் சரியாக அதன் மேல் நின்றுவிடும், விரலால் தள்ளவேண்டும். உலோக மூக்குள்ள பொயின்ற்களை வாங்கி, பொயின்ற் திரும்பும்போது மூக்கின் மின்முனையும் மாறும்படி ஆளி பொருத்தினால் இந்த அவமானம் இல்லை. என்னிடம் மூன்று பொயின்ற்; மாற்றியது இரண்டு. மூன்றாவதில் இன்னும் விரல்தான்.

புல், மரம், வேலி எல்லாம் வளவில் கிடைத்தவை. பச்சைச் சாயத்தில் தோய்த்த மரத்தூள், பிரித்தெடுத்த தும்பு, ரிஜிபோம் மேல் பூசிய சிவப்பு மண். மாமா படத்தைப் பார்த்துவிட்டு, பச்சை சரியில்லை, இங்கிலாந்தின் பச்சை இன்னும் குளிர்ச்சியானது என்று எழுதினார். நான் அறிந்த பச்சை வன்னிப் பச்சைதான். அது அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இனி ஐயாவின் கதைக்கு வருகிறேன். அவர் மாங்குளம் ஸ்ரேசனில் பொயின்ற்ஸ்மனாக இருந்தவர். 1905 இல் முழுமையடைந்த வடக்குப் பாதையில் 1990 ஆனியில் யாழ்தேவி நின்றபோது எனக்கு ஐந்து வயது. அதன்பின் நான் அறிந்த பாதை, தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பதுங்குகுழிகளுக்குப் போய்விட்ட ஒரு மண்மேடு மாத்திரம். சைக்கிள் ஓட்ட வசதியானது. 2013 புரட்டாதியில், செப்ரெம்பர் 14 ஆம் திகதி, ஓமந்தையிலிருந்து கிளிநொச்சி வரை பாதை திறக்கப்பட்டபோதுதான் எங்கள் ஊரில் ஒரு ரயில் போவதை நான் நினைவறியக் கண்டேன். அன்று ஐயா ஸ்ரேசனுக்கு வரவில்லை. சமிக்ஞைக்கு வண்ண விளக்கு வைத்திருக்கிறார்களாம், தனக்கு அங்கே என்ன வேலை என்றார்.

என் பலகையையும் அவர் முதலில் பொருட்படுத்தவில்லை. ஒருநாள் நான் இயந்திரத்தை முழுவேகத்தில் விட்டு, பாலத்தடியிலிருந்து ஸ்ரேசனுக்கு இரண்டு செக்கனில் கொண்டுவந்து நிறுத்தியதைப் பார்த்து, "தம்பி, இது கோச்சியோ, வெடிகுண்டோ?" என்று கேட்டார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். மணிக்கு 40 கிலோமீற்றர் என்பது இந்த அளவில் செக்கனுக்கு ஏறத்தாழ 15 சென்ரிமீற்றர். எட்டு அடியைக் கடக்கப் பதினாறு செக்கன் எடுக்க வேண்டும். பெட்டிகளைத் தள்ளிச் சேர்க்கும் வேகம் செக்கனுக்கு 3 சென்ரிமீற்றர்தான். அந்த வேகத்தில் ஓட்டத் தொடங்கியதும் பலகை நீண்டுவிட்டதுபோல் இருந்தது. ஐயாவும் கதிரையை இழுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

பிறகு அவர் விதிகளைக் கொண்டுவந்தார். ஒற்றைப் பாதையில் ஒரு பகுதிக்குள் ஒரு வண்டிதான் இருக்கலாம். அதற்கு அனுமதி அடையாளமான டேப்லெட் என்னும் வில்லை சாரதியின் கையில் இல்லாமல் வண்டி புறப்படக்கூடாது. 1874 இல் இங்கிலாந்தில் நோர்விச் நகருக்கு அருகே தோர்ப் என்னுமிடத்தில் ஒற்றைப் பாதையில் இரண்டு வண்டிகள் நேருக்கு நேர் மோதிய பின்னரே எட்வேட் ரையர் இந்த டேப்லெட் கருவியை உருவாக்கினார் என்று நான் புத்தகத்தில் படித்ததைச் சொன்னபோது, ஐயாவுக்கு அந்தப் பெயர் தெரிந்திருந்தது; கருவியின் பெட்டியில் எழுதியிருந்ததாம். அவர் ஒரு பித்தளைத் திரைச்சீலை வளையத்தைத் தேடி எடுத்து, அதில் எண் பொறித்த ஒரு தகட்டைக் கட்டினார். பாலத்துக்கு அப்பால், லாச்சிக்குப் போடும் இரும்புத் தடத்தின் மேல் பக்கவாட்டில் நகரும் ஒரு தட்டு இருக்கிறது. மூன்று வண்டிகள் வரை அங்கே மறைத்து நிறுத்தலாம். அதுதான் எங்களுக்கு வெளியுலகம். அங்கிருந்து வண்டி வரவேண்டுமென்றால் நான் வளையத்தை ஐயாவிடமிருந்து வாங்கி அந்தப் பக்கம் கொண்டுபோக வேண்டும், வந்து சேர்ந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும். பலகையில் ஓடக்கூடிய இயந்திரமோ ஒன்றே ஒன்று. மோத மற்றொன்று இல்லை. அதைச் சொல்லிப் பார்த்தேன். "அது வேற கதை" என்றார்.

அவர் விரும்பியது சரக்கு வேலையை. இங்கில்நூக் என்று பிரித்தானிய ஆர்வலர்கள் அழைக்கும் புதிர் ஒன்றுண்டு. ஐந்து பெட்டி கொள்ளும் ஒரு தடம், மூன்று மூன்று கொள்ளும் இரு தடங்கள், இயந்திரமும் மூன்று பெட்டியும் மட்டும் நிற்கக்கூடிய ஒரு தலைத்தடம். எட்டுப் பெட்டிகளில் ஐந்தைச் சீட்டுக் குலுக்கி எடுத்து, அந்த வரிசையிலேயே ஐந்து பெட்டி கொள்ளும் தடத்தில் சேர்க்க வேண்டும். 8, 7, 6, 5, 4 இவற்றைப் பெருக்கினால் 6720 வரிசைகள். வரிசைமாற்றம் படிப்பிக்கும் நாளில் உயர்தர வகுப்புப் பிள்ளைகள் சிலரை வீட்டுக்குக் கூட்டிவருவேன். அவர்கள் தாளில் எழுதிக்கொண்டிருக்கும்போதே ஐயா குடைக்கம்பிக் கொக்கியால் பெட்டிகளைக் கழற்றி, பாதி வேலையை முடித்திருப்பார். எப்படி என்று கேட்டால் விளக்கத் தெரியாது. கடைசிப் பெட்டியை முதலில் தேடு என்பார், அவ்வளவுதான்.

சென்ற ஆண்டு ஒரு மாலை, அவருக்குத் தேநீர் கொடுத்துவிட்டு ஏதோ நினைவில் எண்களோடு விளையாடிக்கொண்டிருந்தபோது ஒன்று தட்டுப்பட்டது. எங்கள் நாட்டு அகலப்பாதை ஐந்தரை அடி. 16.5 ஐ 5.5 ஆல் வகுத்தால் மீதியின்றி 3 வருகிறது. இங்கிலாந்துக்குப் பொருந்தாத அதே தண்டவாளம், ஓர் அடிக்கு 3 மில்லிமீற்றர் என்று வைத்தால் இலங்கைப் பாதைக்கு ஒரு மயிரிழையும் பிசகாமல் பொருந்துகிறது. ஏழு ஆண்டுகள் அந்தத் தண்டவாளத்தைத் துடைத்தவனுக்கு இது தெரியாமல் இருந்திருக்கிறது.

ஆகவே இப்போது பலகைக்குக் கீழே இரண்டாவது பலகை ஒன்று இருக்கிறது. 1980களின் மாங்குளம் ஸ்ரேசனை அட்டையில் வெட்டிக்கொண்டிருக்கிறேன். பெட்டிகளைத்தான் முழுதாகச் செய்யவேண்டும், கையிலுள்ள 12.6 மில்லிமீற்றர் சில்லு இந்த அளவில் 4 அடி 2 அங்குலமாகிவிடுவதால் அவையும் உதவா, சிறிய சில்லுகளுக்கு மாமாவிடம் சொல்லியிருக்கிறேன். கட்டிடத்துக்கு வரைபடம் எதுவுமில்லை. ஐயாவின் காலடிகளே அளவு: மேடை இத்தனை கவடு, மேடை முனையிலிருந்து தண்ணீர்த் தாங்கி இத்தனை கவடு என்று அவர் முற்றத்தில் நடந்து காட்டுகிறார், நான் நாடாவால் அடிக்கணக்கில் அளந்து, மூன்றால் பெருக்கி மில்லிமீற்றராக எழுதிக்கொள்கிறேன். நேற்று மணி தொங்கிய தூணைக் கந்தோர் வாசலின் இடப்பக்கத்தில் ஒட்டியிருந்தேன். இன்று விடிய எழும்பிப் பார்த்தால் அது வலப்பக்கத்தில் நிற்கிறது, பசை இன்னும் காயவில்லை.